அளவுகோல் யார் கையில்?

கரடியனாற்று மக்களுக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில், வயலும் காடும் மாறிமாறி வரும் அந்த மண்ணில், ஞாயிற்றின் ஒளியே முதல் உழைப்பாளி. நெல்லின் இலை அதனை உறிஞ்சுகிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் ஏற்றித் தரும் நீரையும் இணைத்து மாப்பொருளாக்குகிறது. தீயின்றிப் புகையின்றி ஓசையின்றி நிகழும் இந்தச் சமையலின் பயனைத்தான் போடியாரும் முல்லைக்காரரும் தலைமுறை தலைமுறையாக, ஆனால் வேறு வேறு அளவில், உண்டு வந்தனர். ஒளி எல்லார்க்கும் பொது. விளைச்சல் ஒருபோதும் பொதுவாக இருந்ததில்லை. இந்த முரண்பாட்டை மனத்திற் கொண்டே இன்றைய விஞ்ஞானத்தின் ஒரு புதிய சாதனையை நாம் ஆராயப் புகுகின்றோம்.

இலக்கியமும் சமுதாயமும் பேசும் பத்திரிகைக்கு இரசாயன ஆய்வுகூடத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆய்வுகூடத்தில் இன்று முடிவாகும் செய்தி நாளை மருந்தின் விலையாக, கூலியின் அளவாக, நிலத்தின் பயனாக நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. வந்து நின்ற பின் புலம்புவதை விட, வரும்போதே அதன் முகத்தைப் பார்த்துக் கொள்வது நன்று.

ஒளியைக் கொண்டு பொருள்களை ஆக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் ஜியாகோமோ சியாமிசியன் என்ற இரசாயனப் பேராசிரியர் தமது ஆய்வுகூடத்தின் மேல்மாடத்திலே கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக அடுக்கி, வெயில் பட வைத்து, அவற்றினுள் நிகழ்ந்த மாற்றங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1912 இல் நியூயோர்க்கில் ஆற்றிய உரையொன்றில், நிலக்கரியை எரித்து வாழும் நாகரிகம் என்றென்றும் நிலைக்காது என்றும், வெயில் மிகுந்த வறண்ட நிலங்களிற் கண்ணாடிக் குழாய்களுள் ஒளியே வேலை செய்யும் புகையற்ற தொழிற்றுறை ஒருநாள் எழும் என்றும் அவர் எதிர்பார்த்தார். அவ்வாறு எழுமாயின் வெப்ப நாடுகளுக்கு அதில் முதன்மையான இடம் கிடைக்கும் என்பதும் அவரது நம்பிக்கை.

நூறாண்டு கழிந்துவிட்டது. ஒளியாலியங்கும் பெருந்தொழில்கள் சில எழுந்தன. ஜப்பானில் 1960களிலேயே நைலோனுக்கான மூலப்பொருளை விளக்கொளியின் துணையோடு ஆக்கினார்கள். ஆயினும் சியாமிசியன் கண்ட கனவு பொதுவழக்காகவில்லை. அதற்கு ஒரு காரணம் மிக எளிது: ஒளி ஆழமாகச் செல்வதில்லை. நிறமுடைய கரைசல் ஒன்றைப் பெருந்தொட்டியில் நிரப்பி வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், ஓரத்திலுள்ள மெல்லிய படலமே அதனை விழுங்கிவிடும். நடுப்பகுதி இருளிற் கிடக்கும். ஓரத்திலுள்ள பொருளோ அளவுக்கு மிஞ்சிய ஒளியிற் கெட்டுப் போகும். குடுவையில் அழகாக நடந்த தாக்கம் தொட்டியில் நடவாது. சிறிதிலிருந்து பெரிதுக்குப் போகும் இடத்திலேதான் ஒளியிரசாயனம் இடறி விழுந்தது.

இந்தத் தடைக்குக் கண்ட மாற்று வழி நம் கமக்காரனுக்கு நன்கு விளங்கும். குளத்தில் நின்று வேலை செய்யாத நீரை வாய்க்காலில் ஓடவிட்டு வேலை வாங்குவதே அது. தொட்டிக்குப் பதிலாக, ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய குழாயொன்றை விளக்கைச் சுற்றிச் சுருட்டி, அதனூடே கரைசலை இடையறாது ஓடவிடுகிறார்கள். குழாய் மெல்லிதாகையால் ஒவ்வொரு துளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி கிடைக்கிறது. துளி எவ்வளவு நேரம் ஒளியில் நிற்க வேண்டும் என்பதைப் பாயும் வேகமே தீர்மானிக்கிறது. மிகுதி வேண்டுமாயின் தொட்டியைப் பெருப்பிக்க வேண்டியதில்லை; நெடுநேரம் ஓடவிடலாம், அல்லது குழாய்களின் தொகையைக் கூட்டலாம். இன்னொரு நன்மையும் உண்டு. எந்தக் கணத்திலும் ஒளியின் கீழ் இருப்பது சிறு அளவே. ஆகவே தவறு நேர்ந்தாலும் அழிவு சிறிது.

இந்த இடத்திற் கரடியனாறு நம் நெஞ்சில் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை. 2010 செப்ரெம்பர் 17 அன்று அவ்வூர்ப் பொலிஸ் நிலைய வளவில் நிறுத்தப்பட்டிருந்த கொள்கலன்களிலிருந்த வெடிமருந்து வெடித்தது. வீதி அமைக்கும் வேலைக்கெனக் கொண்டுவந்து வைக்கப்பட்ட மருந்து அது. வேலைக்கு வந்திருந்த சீன நாட்டவர் இருவர் உட்பட 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்திருந்த காலம்; இனி வெடியோசை கேளோம் என்று நம்பத் தொடங்கியிருந்த காலம். அழிக்க வந்த மருந்தன்று அது. ஆக்க வந்த மருந்து. ஆயினும் அது கொன்றது.

ஒளியிரசாயனத்துக்கும் அந்த வெடிப்புக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நீதியைக் கற்பிக்கின்றன. அபாயம் பொருளின் இயல்பில் மட்டும் இல்லை. எவ்வளவு பொருளை, எங்கே, யார் அருகே குவித்து வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. ஓடும் குழாயை விரும்பும் இரசாயனவியலாளர் இதனைத் தமக்கு விதியாக்கிக் கொண்டார். சமுதாயமோ இன்னும் ஆக்கிக் கொள்ளவில்லை. குவிப்பதற்கு வசதியான இடத்தைத் தேடுபவர் ஒருவர். அந்த இடத்தின் அருகே குடியிருப்பவர் வேறொருவர். அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இனிப் புதிய சாதனைக்கு வருவோம். ஒரு தாக்கத்தை நன்றாக நடத்த வேண்டுமாயின் பல கூறுகளைச் சரிபார்க்க வேண்டும்: ஒளியின் வலிமை, கரைசலின் செறிவு, ஊக்கியின் அளவு, குழாயில் நிற்கும் நேரம். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும். இளம் ஆய்வாளர் ஒருவர் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத் தேறிய வழியைக் காண்பதே வழக்கம். நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் திமோதி நோயெல் என்பாரின் குழுவினர் 2024 இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ‘ரோபோகெம்’ என்ற அந்த இயந்திரம் தானே திரவங்களை அளந்து கலக்கிறது, ஒளிக்குழாயினூடே செலுத்துகிறது, வெளிவரும் பொருளை அணுக்கருக்களின் காந்த இயல்பைக் கொண்டு சோதிக்கிறது, கண்ட பெறுபேற்றைக் கணினிக்குத் தருகிறது. கணினி முன்னைய பெறுபேறுகளை எல்லாம் எடைபோட்டு, அடுத்து எதனைச் சோதித்தால் மிகுதியாகக் கற்கலாம் என்று கணித்து, மீண்டும் தொடங்குகிறது. இரவில்லை, பகலில்லை. 18 பொருள்களில் அவர்கள் இதனைச் சோதித்தனர். மாதங்கள் கொள்ளும் வேலை நாள்களில் முடிந்தது. சிறிதிற் கண்ட வழி பெரிதிலும் பலித்தது. ஒளியூக்கத் துறையில் நெடுங்காலம் உழைத்த நோயெலே, தாம் ஊகித்திராத விடைகளை இயந்திரம் காட்டியதாகக் கூறினார். சில தாக்கங்களுக்கு மிகச் சிறிய ஒளியே போதும் என்பது அவற்றுள் ஒன்று.

இந்த இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. வியக்கின்றோம். ஆனால் வியப்போடு நின்றுவிடுவது சிந்தனையாகாது. அது தேடுவது ‘மிகச் சிறந்த’ வழி. எதற்கு மிகச் சிறந்தது? இந்தக் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. இருக்கவும் முடியாது. ஏனெனில் அந்த விடையைக் கொடுத்த பின்னரே அது இயங்கத் தொடங்குகிறது.

இதனைச் சற்று விளக்குவது நன்று. குழாயிற் கரைசலை நெடுநேரம் நிறுத்தினால் இட்ட மூலப்பொருளில் மிகப் பெரும்பங்கு விளைபொருளாகும். ஆனால் நாளொன்றுக்குக் கிடைக்கும் தொகை குறையும். வேகமாக ஓடவிட்டால் நாளாந்தத் தொகை மிகும், மூலப்பொருள் வீணாகும். ஒளியைக் கூட்டினால் நேரம் மிச்சம், மின்சாரம் செலவு. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை எவ்வளவு இழக்க வேண்டும் என்ற எல்லைக் கோட்டை இயந்திரம் மிக நேர்மையாக வரைந்து காட்டும். மனிதர் பலர் மறைக்க விரும்பும் உண்மையை அது மறைப்பதில்லை; அது அதன் பெருமை. ஆனால் அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் நாம் நிற்கப் போகின்றோம் என்பதை அது சொல்லாது. அங்கே இரசாயனம் முடிகிறது, அறம் தொடங்குகிறது.

ஒரு குளத்து நீரை எண்ணிப் பாருங்கள். உறுகாமத்திலோ உன்னிச்சையிலோ சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டொன்று வருகிறது என்று கொள்வோம். ‘மொத்த நெல் மிகுதியாக வேண்டும்’ என்ற ஒரே கட்டளையை ஒரு கணினிக்குக் கொடுத்தால் அது என்ன செய்யும்? வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு நீர் போய்ச் சேருமுன் மண்ணிற் சுவறி வீணாகிறது என்று கண்டு, அந்த வக்கடையை அடைத்துவிடச் சொல்லும். மதகுக்கு அருகிலுள்ள வயல்கள் பொன்னாக விளையும். மொத்தக் கணக்கு உயரும். கணக்கிற் பிழையே இராது. கடைசி வயற்காரன் மட்டும் அந்தப் போகத்தில் அடுப்பெரிக்க மாட்டான். வட்டவிதானையும் கமக்காரரும் போகத்துக்கு முன் கூடிப் பேசிச் சண்டையிட்டு, எல்லாருமாகச் சற்றுக் குறைத்து விதைப்பது என்று முடிவு செய்யும் வழக்கம் கணித நோக்கில் ‘மிகச் சிறந்தது’ அன்று. ஆயினும் அதுவே நீதி. குறைவைப் பகிர்வது என்ற அளவுகோல் அவர்களிடம் இருந்தது. இயந்திரத்திடம் அதை யாராவது கொடுத்தாலன்றி அது தானாகக் கண்டு கொள்ளாது.

இது கற்பனை உவமை மட்டுமன்று என்பதற்கு ஒளியிரசாயனமே சான்று தருகிறது. மலேரியாவின் கொடுமை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1934-35 இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களை அது குடித்தது. 1963 இல் 17 நோயாளர் என்ற அளவுக்கு ஒடுங்கிப் போன நோய், விழிப்புத் தளர்ந்ததும் அப்பத்தாண்டு முடிவதற்குள் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கு மாவட்டங்களே அதன் சுமையிற் பெரும்பங்கைத் தாங்கின. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உலகின் பிற பகுதிகளில், முக்கியமாக ஆபிரிக்காவில், அந்நோய் இன்றும் குழந்தைகளைக் கொன்று வருகிறது.

அதற்கெதிரான தலையாய மருந்து ஆர்ட்டெமிசினின். 1967 இல் தொடங்கிய சீன ஆராய்ச்சித் திட்டமொன்றில், பழைய மருத்துவ நூல்களைத் துருவி ஒரு மூலிகையிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க வழிகண்ட து யூயூ அம்மையாருக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலிகையில் அம்மருந்து சிறிதளவே உண்டு. 2012 இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் பீற்றர் சீபெர்கரும் பிரான்சுவா லெவெக்கும் ஒரு வழி கண்டனர். மருந்தைப் பிரித்த பின் மூலிகையில் எஞ்சிக் கழிவாகும் அமிலத்தை, ஒட்சிசனோடு கலந்து, விளக்கைச் சுற்றிய மெல்லிய குழாயிற் செலுத்தினார்கள். ஒளி பட்ட சாயப்பொருள் ஒட்சிசனைக் கிளர்த்துகிறது. கிளர்ந்த ஒட்சிசன் அமிலத்தைத் தாக்குகிறது. குழாயின் மறுமுனையில் மருந்து வெளிவருகிறது. கழிவு மருந்தாயிற்று. சியாமிசியனின் கனவு ஏழையின் காய்ச்சலுக்கு மருந்தாக வந்தது என்று மகிழ்வதற்கு இடமிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதுவத்தின் உயிரணுக்களைக் கொண்டு மூலப்பொருளை ஆக்கி, இறுதியில் ஒளியால் மருந்தாக்கும் பெருந்தொழிற்சாலையொன்றை சனோஃபி நிறுவனம் இத்தாலியின் கரேசியோவில் 2013 இல் இயக்கத் தொடங்கியது. இலாபம் நோக்காது விற்பதாயினும் கிலோகிராமுக்கு 350 முதல் 400 டொலர் வரை வேண்டியிருந்தது. அதே வேளையில் மூலிகை உழவர் மிகுதியாகப் பயிரிட்டமையால் இயற்கை மருந்தின் விலை 250 டொலருக்கும் கீழே சரிந்தது. தொழிற்சாலை 2015 இல் மருந்தை ஆக்கவேயில்லை. 2016 இல் அது கைமாறியது. ஆய்வுகூடத்தில் உச்சம் என்று காணப்பட்டது சந்தையில் உச்சமாக இருக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியில் யார் பக்கம் நிற்பது? தொழிற்சாலை வென்றிருந்தால் மருந்தின் வரவும் விலையும் ஆண்டுதோறும் ஏறி இறங்காது நிலைத்திருக்கும், நோயாளிக்கு நன்மை. ஆனால் சீனத்திலும் வியட்நாமிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் அந்த மூலிகையை நம்பிய சிறு உழவர் வாழ்விழப்பர். மருந்து மலிந்ததால் தொழிற்சாலை தோற்றது. அந்த மலிவின் விலையை, உழைப்புக்கேற்ற ஊதியம் கிடையாத உழவரே கொடுத்தனர். நோயாளியும் ஏழை, உழவரும் ஏழை. ஓர் ஏழையின் மருந்துக்கு மற்றோர் ஏழையின் வயிற்றிலிருந்து விலை பெறும் ஏற்பாட்டை மாற்றும் ஆற்றல் எந்தக் குழாய்க்கும் இல்லை. அதை மனிதர்தாம் மாற்ற வேண்டும்.

இங்கே இரு சாரார் நம்மோடு மாறுபடுவர். ‘விஞ்ஞானம் நடுநிலையானது, அதன்மேல் அறத்தை ஏற்றாதீர்’ என்பர் ஒரு சாரார். ஒளியின் விதி நடுநிலையானதே. ஆனால் எந்தத் தாக்கத்தை முதலில் ஆராய்வது, எதனை உச்சப்படுத்துவது, எந்த இழப்பைக் கணக்கிற் சேர்ப்பது, எதனைச் சேர்க்காது விடுவது என்பன ஒளியின் விதிகள் அல்ல, மனிதரின் தெரிவுகள். தெரிவு செய்தவர் தம் பெயரை மறைத்துக் கொண்டு ‘இயந்திரம் சொல்லிற்று’ என்பது, அதிகாரி ‘மேலிடத்து உத்தரவு’ என்பதைப் போன்றதே.

மற்றொரு சாரார், ‘இயந்திரமே வேண்டாம், மனிதக் கையின் திறனை அது கொல்கிறது’ என்பர். இந்தக் கூற்றில் உணர்ச்சி உண்டு. ஓரளவு உண்மையும் உண்டு. மாதக்கணக்கிற் பிழை செய்து பிழை செய்தே கற்ற மாணவருக்குப் பொருளின் குணம் கைவசப்பட்டது. விடையை மட்டும் பெறும் மாணவருக்கு அது கைவசப்படுமா என்ற ஐயம் நியாயமானது. ஆயினும் நச்சு ஆவியை முகர்ந்து இரவெல்லாம் விழித்திருப்பதைக் கல்வியின் புனிதம் என்று நாம் போற்ற முடியாது. நம் வயல்களில் அறுவடை இயந்திரம் வந்தபோதும் இதுவே நடந்தது. தாக்கத்தி பிடித்துக் குனிந்த முதுகுகளின் நோவு தீர்ந்தது. அதனோடு அம்முதுகுகளுக்குரிய கூலியும் தீர்ந்தது. முன்னதை எவரும் மறுக்கவில்லை. பின்னதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. தறி தானே நெய்யும் காலம் வந்தால் அடிமை தேவையில்லை என்ற எண்ணம் அரிஸ்டோட்டிலுக்கே தோன்றியது. தறி தானே நெய்யும் காலம் வந்துவிட்டது. மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று என்ற கேள்விதான் விடையின்றி நிற்கிறது.

ஆகவே நம் நிலை இதுதான்: இயந்திரத்தை ஏற்போம், அதற்குக் கட்டளையிடும் உரிமையைச் சிலரிடம் மட்டும் விட்டுவிடோம். இந்த இயந்திரத்திடமிருந்தே நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்றுண்டு. அது தன் தோல்விகளை மறைப்பதில்லை. பலித்த சோதனையையும் பலியாத சோதனையையும் ஒரே நேர்மையோடு எழுதி வைக்கிறது. பலியாதவற்றிலிருந்தே அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அறிகிறது. விஞ்ஞான ஏடுகள் வெற்றியையே பெரும்பாலும் அச்சிட்டு வந்தன. அரசுகளும் அவ்வாறே. ஒரு நாடு தன் திட்டங்களின் தோல்விகளை, அவற்றில் மாண்டவர்களை, வாழ்விழந்தவர்களை, அந்த இயந்திரத்தின் நேர்மையோடு எழுதி வைத்து அடுத்த திட்டத்தை வகுக்குமாயின், கரடியனாற்றில் மாண்டவர்கள் வீணாக மாண்டவர்களாகார். எவ்வளவு வெடிமருந்தை எங்கே வைப்பது என்ற கணக்கில் அயல்வீட்டாரின் உயிரும் ஒரு கூறாகச் சேர்ந்துவிடும்.

கணக்கிற் சேராதது கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசி வயற்காரனையும், மூலிகை உழவரையும், பொலிஸ் நிலையத்து அயலவரையும் எவரும் வேண்டுமென்றே வெறுத்து ஒதுக்கவில்லை. கணக்கு எழுதியவரின் மேசையில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை, அவ்வளவே. தீமை பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. பகையால் அன்று, விடுபடுதலால்.

இடம் பெறுவதற்கு அறிவு வேண்டும். கரடியனாற்றுப் பிள்ளைக்கு ஒளி எப்படி ஒரு கரைசலை மாற்றுகிறது என்பது கரும்பலகைச் சித்திரமாக மட்டும் தெரிந்தாற் போதாது. கண்ணாடிக் குழாயும் சிறு விளக்கும் சாயக் கரைசலும் கொண்டு தானே செய்து பார்க்க வேண்டும். கரைசலின் நிறம் வெளுப்பதைக் கண்ணாற் காண வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அவ்வாறு கற்ற பிள்ளைதான் நாளை, ‘இந்த இயந்திரம் எதனை உச்சப்படுத்துகிறது? இதில் எங்கள் பங்கு எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது?’ என்று கேட்கும். கேட்கத் தெரியாத மக்களுக்கு வெயில் தோலைக் கருக்கும், வேறெதுவும் தராது.

நூறாண்டுகளுக்கு முன் பொலோஞ்ஞாவின் மாடத்திற் காய்ந்த அதே வெயில்தான் இன்றும் நம் வயல்வெளியில் எரிகிறது. அதனை அளக்கும் கோல் மேலும் மேலும் நுண்மையாகி வருகிறது. கோலின் நுண்மையில் நமக்குக் குறையில்லை. அதைப் பிடித்திருக்கும் கையையே நாம் பார்க்க வேண்டும். பார்த்து, அந்தக் கைகளோடு நம் கையையும் வைக்க வேண்டும்.